தூக்கு வழக்கும் வக்கீலும்: திருவண்ணாமலைச் சீமையில் ஓர் உரிமையின் வரலாறு

உயிருக்கு உயிர் என்று தீர்ப்பாகக்கூடிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்தை எடுத்துச் சொல்வது யார் என்ற கேள்விக்குத் திருவண்ணாமலைப் பகுதியில் கிடைக்கும் பழைய விடைகளுள் ஒன்று சீயமங்கலத்தில் இருக்கிறது. வந்தவாசி வட்டத்தில் தேசூரை அடுத்த சிற்றூர் அது. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில் அங்கே உண்டு. இறைவனுக்குத் தூணாண்டார் என்று பெயர். அந்தக் கோயிலின் இடைக்காலக் கல்வெட்டு ஒன்று ஒரு சாவைப் பதிவு செய்கிறது. ஒருவன் எய்த அம்பு தவறுதலாகத் தன் ஊர்க்காரன் ஒருவன்மேல் பாய்ந்து அவன் இறந்துபோனான். நாட்டை ஆண்ட அதிகாரியும் நாட்டாரும் கூடிப் பேசினார்கள். கவனக்குறைவால் நேர்ந்த சாவுக்காக எய்தவன் சாக வேண்டியதில்லை, தூணாண்டார் கோயிலில் விளக்கெரித்தால் போதும் என்று முடிவானது. விளக்குக்கு வேண்டிய நெய்க்காக அவன் 16 பசுக்களைக் கொடுத்தான்.

ஆர்க்காட்டுப் பகுதியில் இதே போக்கில் அமைந்த சோழர் காலக் கல்வெட்டுகள் வேறு சிலவும் உள்ளன. வக்கீல் என்ற தொழில் அன்று இல்லை. ஆனால் இன்று ஒரு வக்கீல் செய்ய வேண்டிய வேலையின் சாரம் அந்தக் கூட்டத்தில் நடந்திருக்கிறது: சாவு எப்படி நேர்ந்தது, கொல்லும் எண்ணம் இருந்ததா என்று விசாரித்து, அதற்கேற்பத் தண்டனையைக் குறைத்திருக்கிறார்கள். இதை அக்காலத்து நீதிக்கெல்லாம் சான்றாகக் கொள்ள முடியாது. நாட்டார் சபையில் இடமில்லாத சாதியினருக்கும் ஏழைகளுக்கும் அதே பொறுமை காட்டப்பட்டதா என்பதற்குக் கல்லில் பதில் இல்லை. கல்லில் எழுதப்பட்டதெல்லாம் பசு கொடுக்க வசதி உள்ளவர்களின் வழக்கு.

1801-இல் கர்நாடக நவாபின் ஆட்சிப் பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே சென்னை அரசு நீதிமன்ற ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. சர்க்யூட் நீதிபதிகள் ஜில்லா ஜில்லாவாகச் சென்று கொலை வழக்குகளை விசாரித்தார்கள். குற்றவியல் சட்டம் இஸ்லாமியச் சட்டமாகவே தொடர்ந்ததால், நீதிபதியோடு இருந்த முஸ்லிம் சட்ட அதிகாரி பத்வா (சட்டக் கருத்து) எழுதித் தருவார். மரண தண்டனை என்றால் கோப்பு சென்னையில் இருந்த பௌஜ்தாரி அதாலத் என்ற மேல் நீதிமன்றத்துக்குப் போய் உறுதியாக வேண்டும். எந்தத் தூக்குத் தண்டனையும் மேல் நீதிமன்றம் பார்க்காமல் நிறைவேறக் கூடாது என்ற இன்றைய விதிக்கு இந்தப் பகுதியில் இதுவே முன்னோடி. சிவில் வழக்குக்கு வக்கீல்களை முறைப்படுத்திய கம்பெனி, கொலை வழக்கில் நிற்பவனுக்கு வக்கீல் கட்டாயம் என்று எண்ணவில்லை. அன்றைய இங்கிலாந்திலும் நிலைமை பெரிதாக வேறல்ல. பெருங்குற்றம் சாட்டப்பட்டவர்களின் வக்கீல் ஜூரிகளிடம் முழுமையாக வாதாடும் உரிமை அங்கேயே 1836-இல்தான் வந்தது.

1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரியில் அமலானது; அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றமும் தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டப் புத்தகத்தில் ஏறி, 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 340-ஆம் பிரிவாக நிலைத்தது. வைத்துக்கொள்ள வசதி உள்ளவருக்கே அந்தப் பிரிவால் பயன். திருவண்ணாமலை அப்போது தென்னார்க்காட்டின் ஒரு தாலுகா. கொலை வழக்கென்றால் கடலூர் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பின்னர் தாலுகா வடஆர்க்காட்டோடு சேர்ந்ததும் வழக்குகள் வேலூருக்குப் போயின. இரண்டும் திருவண்ணாமலையிலிருந்து எண்பது, நூறு கிலோமீட்டர் தூரம். செங்கம் பக்கத்துக் குடியானவனின் வீட்டார் அந்த ஊர்களில் ஒரு வக்கீலைத் தேடிப் பிடித்துப் பணம் கட்டுவது எளிய காரியமாக இருந்திருக்காது. தாலுகா நீதிமன்றங்களில் அன்று புழங்கியவர்கள் பலர், மனு எழுதி எழுதியே சட்டம் கற்ற, சன்னது (உரிமச் சான்று) இல்லாத வக்கீல்கள். பின்னாளில் திருவண்ணாமலைக்கு வந்து தங்கிய ரமண மகரிஷியின் தந்தை சுந்தரம் ஐயரும் திருச்சுழியில் அப்படி வாதாடியவரே. செஷன்ஸ் கோர்ட்டில் தூக்கு வழக்கை நடத்த வேறு தரத்து வக்கீல் வேண்டும், வேறு கட்டணமும் வேண்டும்.

வக்கீலுக்கு வழியற்ற, கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசுச் செலவில் ஒருவரை அமர்த்தும் ஏற்பாடு ஆங்கிலேயர் காலத்திலேயே நடைமுறை விதிகளின் வழியாக வந்தது. ஸ்டேட் பிரீஃப் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். இதில் இரண்டு குறைகள் கூடவே பிறந்தன. கட்டணம் மிகக் குறைவு, அதனால் பெரும்பாலும் அனுபவம் குறைந்த இளம் வக்கீல்களே இந்த வழக்குகளைப் பெற்றார்கள். அடுத்தது, வக்கீல் வந்து சேர்வது செஷன்ஸ் விசாரணையின் வாசலில்தான். போலீஸ் விசாரணையின்போதும் கீழ்க்கோர்ட்டிலும் நடந்தவையெல்லாம் கைதி தனியாக நின்றபோது நடந்து முடிந்திருக்கும். எம்.சி. செடல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958-இல் அளித்த 14-ஆவது அறிக்கை, பெரும்பாலான மாநிலங்களில் அரசு உதவி தூக்கு வழக்குகளோடு நின்றுவிடுவதையும் அந்த உதவியும் அற்பமாக இருப்பதையும் எடுத்துக்காட்டியது.

நல்ல வக்கீல் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடு மறக்காத எடுத்துக்காட்டு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பரில் நடந்த அந்தக் கொலையில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிக்கி 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிவந்து, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். அவர்களுக்காக வாதாடியவர் வேலூரில் பிறந்த வி.எல். எத்திராஜ். சாட்சிகளின் முரண்களை அவர் பிரித்துக் காட்டினார். அதே காலத்தில் வேலூர் கோர்ட்டில் ஸ்டேட் பிரீஃப் வக்கீலோடு நின்ற ஏழையின் வழக்கிலும் முரண்கள் இருந்திருக்கும். எடுத்துக்காட்ட ஆள் இருந்திருக்காது.

1950-இல் அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது உறுப்பு, தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கொண்டு வாதாடும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. வழக்கறிஞரை அரசு தேடித் தர வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் நெடுநாள் தயங்கின. தெலங்கானா விவசாயப் போராட்டத்தில் தூக்குத் தண்டனை பெற்றவர்களின் வழக்கு 1951-இல் ஜனார்தன் ரெட்டி வழக்காக உச்ச நீதிமன்றம் வந்தது. லண்டன் வழக்கறிஞர் டி.என். பிரிட் அவர்களுக்காக வாதாட இந்தியா வந்தார். வக்கீல் இல்லாமல் நடந்த விசாரணை அந்தக் காரணத்தாலேயே செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1932-இலேயே பவல் வழக்கில், மரண தண்டனைக்குரிய வழக்கில் வக்கீல் இல்லாமல் நடக்கும் விசாரணை நியாயமான விசாரணை ஆகாது என்று சொல்லியிருந்தது. 1951-இன் தீர்ப்பு இந்தியாவைப் பல ஆண்டுகள் பின்தங்க வைத்தது.

திருப்பம் 1968-இல் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் பஷீரா வழக்கில், சாட்சி விசாரணை தொடங்கிய அன்றுதான் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசுச் செலவில் வக்கீல் அமர்த்தப்பட்டார். தண்டனை தூக்கு. வழக்கைப் படிக்க நேரம் கொடுக்காமல் வக்கீலைக் கொடுப்பது வக்கீலே கொடுக்காததற்குச் சமம் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. இந்த உரிமையின் வரலாற்றில் ஆகப் பெரிய வரி இதுதான். அதன் பிறகு வந்த தீர்ப்புகளில் பல, வெவ்வேறு பெயர்களில் இதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 304-ஆவது பிரிவு, வசதியற்றவருக்கு அமர்வு நீதிமன்றத்தில் அரசுச் செலவில் வழக்கறிஞரை அமர்த்துவதைக் கட்டாயமாக்கியது. 1974-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஏழைக்கு அமர்த்தப்படும் வழக்கறிஞர் தகுதியானவராக இருக்க வேண்டும், ஆவணங்களும் அவகாசமும் அவருக்குத் தரப்பட வேண்டும் என்று எழுதினார். 1976-இல் இலவச சட்ட உதவி பற்றிய 39அ உறுப்பு, 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1995 நவம்பரில் அதன் அமலாக்கம் என்று அடுத்தடுத்து நடந்தன. இடையே 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. தூக்குத் தண்டனை பெறுபவர்களின் இடம் மட்டும் மாறவில்லை: இப்பகுதிக்கு அன்றும் இன்றும் மத்திய சிறை வேலூர் தொரப்பாடியில்தான்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது ஒரு கொலை வழக்கின் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். தமிழ்நாட்டில் அது முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, சாட்சிகளின் போலீஸ் வாக்குமூலங்கள், தடய அறிவியல் அறிக்கை என நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டது. முதல் தகவல் அறிக்கையின் ஓரத்தில் குற்றவியல் நடுவர் அது தம் கைக்கு வந்த தேதியையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். காலையில் பதிவானதாகச் சொல்லப்படும் அறிக்கை பக்கத்து ஊர் நடுவரிடம் நள்ளிரவில் சேர்ந்திருந்தால், இடைப்பட்ட நேரத்தில் புகார் மாற்றி எழுதப்பட்டதா என்ற கேள்வி பிறக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் கிராம நிர்வாக அலுவலரிடம் தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு பகுதி பல கட்டுகளில் இருக்கும். முன்பின் தெரியாத அதிகாரியிடம் ஒருவர் ஏன் அப்படிப் போனார் என்பது அடுத்த கேள்வி. கத்தி எந்த இடத்தில், யார் முன்னிலையில் எடுக்கப்பட்டது, அது நீதிமன்றத்துக்கு எத்தனை நாள் கழித்து வந்தது, காயத்தின் அகலத்தோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு தாளிலும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. சிறைக்குப் போய்க் கைதியோடு உட்கார்ந்து பேசாமல், சம்பவ இடத்தைப் பார்க்காமல், இந்தக் கேள்விகளைத் தயாரிக்க முடியாது. குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்ட கேள்வியை உயர் நீதிமன்றத்தில் கேட்டுப் பயனில்லை. தூக்கு உறுதிக்காக வரும் வழக்கை அங்கே ஆர்.டி. என்று எண்ணிட்டு இரண்டு நீதிபதிகள் முழுதாக மறுபரிசீலனை செய்தாலும், அவர்கள் முன் இருப்பது கீழே பதிவான சாட்சியம் மட்டுமே.

தீர்ப்புக்குப் பிறகும் வக்கீலின் வேலை முடிவதில்லை. 1955 வரை கொலைக்குத் தூக்கே வழக்கமான தண்டனை. குறைத்தால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தலைகீழாக்கித் தூக்குக்குச் சிறப்புக் காரணம் கேட்டது, தண்டனை பற்றித் தனியாகக் கேட்கவும் சொன்னது. 1980-இல் பச்சன் சிங் தீர்ப்பு, குற்றத்தோடு குற்றவாளியின் வாழ்க்கையையும் எடைபோடச் சொன்னது. வளர்ந்த சூழல், வறுமை, மனநலம், திருந்தும் வாய்ப்பு ஆகியவற்றைச் சேகரித்துக் கொண்டுவருவது யார் பொறுப்பு என்பதை நீதிமன்றங்கள் நீண்ட காலம் தெளிவாக்கவில்லை. பல வழக்குகளில் வயதையும் பெற்றோரைக் காப்பாற்ற வேண்டிய நிலையையும் சொல்லி ஒரு பத்தியில் அந்த விசாரணை முடிந்தது. தூக்கை எதிர்நோக்கிய கைதியின் காத்திருப்பு பற்றிய முதல் பெரிய தீர்ப்பும் தமிழ்நாட்டு வழக்கில் வந்ததே: 1983-இன் வைத்தீஸ்வரன் வழக்கில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி, இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட தாமதம் தண்டனையைக் குறைக்கப் போதும் என்றார். சில வாரங்களிலேயே மற்றொரு அமர்வு அதை ஏற்க மறுத்தது.

வேலூர் சிறையை நாடறியச் செய்தது ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. தடா சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியம். உயர் நீதிமன்ற உறுதிப்படுத்தலும் கிடையாது, மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு. வக்கீல் அருகில் இல்லாத அறையில் எழுதப்பட்ட வாக்குமூலமும், ஒரு படி குறைந்த மேல்முறையீடும் சேர்ந்தால் தற்காப்பு எவ்வளவு சுருங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. பழ. நெடுமாறன் தலைமையில் அமைந்த உயிர்காப்புக் குழு மக்களிடம் நிதி திரட்டியது. மூத்த வழக்கறிஞர் என். நடராசன் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1999 மே 11 அன்று 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள், மூவரின் தண்டனை ஆயுளானது, நால்வருக்கு மட்டுமே தூக்கு உறுதியானது. முறையான வாதம் 22 பேரைக் கயிற்றிலிருந்து இறக்கியது. எஞ்சியவர்களில் நளினியின் தண்டனையை 2000-இல் ஆளுநர் குறைத்தார். முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறிக்கப்பட்டது. ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது. அதற்கு முந்தைய மாதம் வந்த சத்ருகன் சௌகான் தீர்ப்பு, கருணை மனு தள்ளுபடியான பிறகும் இலவச சட்ட உதவி உண்டு, தூக்குக்கு முன் 14 நாள் அவகாசம் வேண்டும் என்று வகுத்தது. அந்தத் தீர்ப்பால் உயிர் தப்பியவர்களில் நால்வர் வீரப்பன் கூட்டாளிகள் எனத் தண்டிக்கப்பட்டவர்கள். கீழ்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்திருக்க, 2004-இல் உச்ச நீதிமன்றமே அதைத் தூக்காக உயர்த்தியிருந்தது.

திருவண்ணாமலை மாவட்ட ஏழைகளுக்கு இந்த உரிமையின் எல்லை மாநில எல்லையில் தெரிந்தது. 2013 டிசம்பரில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்டதை அடுத்து நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கொலை வழக்கில் கைதானார்கள். அவர்களில் சவ்வாது மலையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள் பலர். முதல் தகவல் அறிக்கை தெலுங்கில், நீதிமன்றம் திருப்பதியில். மலையாளிப் பழங்குடி இளைஞருக்குத் தன்மேல் உள்ள குற்றச்சாட்டைப் படித்துப் பார்க்கவே இன்னொருவர் துணை வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, 2016-இல் அவர்கள் விடுதலையானார்கள். மொழி தெரிந்த வக்கீல் என்பது தற்காப்பின் பகுதி என்று எந்தச் சட்டப் பிரிவும் தனியாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

அதே 2016-இல் டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நாடெங்கும் தூக்குக் கைதிகளைச் சந்தித்து எழுதிய அறிக்கை வெளியானது. அவர்களில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். பெரும்பாலானோர் தங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடிய வக்கீலைச் சந்தித்ததே இல்லை.

வக்கீல் கிடைக்காததற்கு வறுமை மட்டும் காரணமல்ல. ஊரைக் கொதிக்க வைக்கும் குற்றங்களில் யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவதுண்டு. கோவையிலிருந்து சென்ற ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் சட்டவிரோதம் என்று அறிவித்தது. 2019 டிசம்பரில் அனோகிலால் வழக்கு இன்னொரு வரம்பைப் போட்டது. மத்தியப் பிரதேசத்தில் அந்த விசாரணை முழுவதும் இரண்டு வாரத்துக்குள் முடிந்து தூக்கு விதிக்கப்பட்டிருந்தது. ஆயுளோ தூக்கோ விதிக்கத்தக்க வழக்கில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ளவரையே சட்ட உதவிக்கு அமர்த்த வேண்டும், தயாராவதற்குக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது. மறுவிசாரணைகளுக்குப் பின் 2024-இல் அனோகிலால் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அவசரத்தில் தூக்கிலிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த வழக்கே சொல்கிறது.

தமிழ்நாட்டின் இரண்டு வழக்குகள் இந்த வரலாற்றின் கடைசிப் பக்கங்கள். கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலைய எல்லையில் 2009-இல் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட கொடிய வழக்கில் 2010-இல் தூக்கு விதிக்கப்பட்டு, 2013-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2023 மார்ச்சில் சீராய்வில், குற்றத்தை உறுதி செய்துகொண்டே தண்டனையை 20 ஆண்டுக்குக் குறையாத ஆயுளாக மாற்றியது. கைதியின் வாழ்க்கை நிலை எந்தக் கட்டத்திலும் முறையாக விசாரிக்கப்படவில்லை என்பதே முதன்மைக் காரணம். சிறையில் அவரது நடத்தை பற்றிய தகவல்களை மறைத்ததற்காகக் காவல் ஆய்வாளருக்கு நீதிமன்ற அவமதிப்பு நோட்டீசும் அனுப்பப்பட்டது. ஆண் குழந்தையை இழந்ததைத் தனிப் பாதகமாக 2013 தீர்ப்பு எடைபோட்டதையும் அமர்வு ஏற்கவில்லை.

மற்றொன்று, 2017-இல் சென்னை முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கு. 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்கு விதித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. குற்றச்சாட்டு வனைந்தபோது குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லை. பின்னர் சட்ட உதவியில் ஒருவர் அமர்த்தப்பட்ட சில நாளிலேயே சாட்சி விசாரணை தொடங்கியது. தீர்ப்பு வந்த அன்றே தண்டனையும் வந்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம், தற்காப்புக்கு நியாயமான வாய்ப்பு தரப்படாததைச் சுட்டியும் சாட்சியச் சங்கிலி நிரூபிக்கப்படவில்லை என்றும் அவரை விடுவித்தது. குழந்தையை இழந்த குடும்பத்துக்கு எட்டு ஆண்டுக்குப் பின் கிடைத்த முடிவு அது. தொடக்கத்திலேயே நல்ல வக்கீலும் போதிய நாளும் தந்திருந்தால், தீர்ப்பு எதுவானாலும் அவர்களுக்கு அது உறுதியான தீர்ப்பாக இருந்திருக்கும்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை அதில் 340-ஆவது பிரிவு. அரசுச் செலவில் வக்கீல் 341-ஆவது பிரிவு. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-இல் வகுத்த திட்டப்படி, மாவட்டங்களில் முழுநேரத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. தலைமை வழக்கறிஞருக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும். 2022 மே மாதத்து மனோஜ் தீர்ப்பு, தண்டனைக்கு முன் நன்னடத்தை அலுவலர், சிறை, மனநல அறிக்கைகளைப் பெறுவதைக் கட்டாயமாக்கியது. தண்டனை விசாரணைக்கு எவ்வளவு அவகாசம் என்பதை அதே ஆண்டு செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு உச்ச நீதிமன்றம் அனுப்பியது. மனோஜ் தீர்ப்பின் நெறிகள் பின்பற்றப்படாமல் தூக்குத் தண்டனை உறுதியானவர்கள் 32-ஆவது உறுப்பின்கீழ் மீண்டும் நேராக உச்ச நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2025 ஆகஸ்டில் தீர்ப்பானது.